பின்கதவுக்காரி

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுக்கு முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு கதவு. முன்கதவு வழியா வர்றவ சீதேவி. பின்கதவு வழியா வர்றவ மூதேவி. ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க. ம் சொல்லு கண்ணு, அப்பத்தான் கதை நடக்கும்.

"ம்."

சீதேவி தங்கச்சி. கால்ல கொலுசு போட்டுக்கிட்டு ஜல் ஜல் ஜல்னு வருவா. ஒரு எடத்துல உக்காரமாட்டா. கோலம் போட்டாச்சா, பால் காய்ச்சியாச்சா, அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. மூதேவி அக்கா. பெரிய தொந்தி, தொளதொளன்னு சேலை. கழுதை மேல ஏறிக்கிட்டு டொக்... டொக்... டொக்னு வருவா. கையில தொடப்பம் வச்சிருப்பா, ஆனா பெருக்கமாட்டா.

"கழுதை கடிக்குமா?"

கடிக்காது. கொட்டாவிதான் விடும்.

அந்த வீட்டுல பூவாயின்னு ஒரு பொண்ணு, அவ புருசன் செங்கோடன், அப்புறம் அவங்க பெத்த பாப்பா. பாப்பா ரொம்பப் புதுசு. இன்னும் தலைகூட நிக்கல. பூவாயிக்கு அது மேல உசுரு. அதே அளவுக்குப் பயம். மூச்சு வருதான்னு மூக்குகிட்ட வெரல வச்சுப் பாப்பா. வந்துச்சுன்னா, அடுத்த மூச்சு வருமான்னு பாப்பா.

அப்படி இருக்கையில ஒரு மத்தியானம், பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. கண்ணு சொக்குது. தூங்கக்கூடாது, தூங்கக்கூடாதுன்னு தொடையக் கிள்ளிக்கிறா. அப்பவும் தலை சாஞ்சுருச்சு. தொப்! பாப்பா மடியிலருந்து நழுவிக் கீழ விழுந்துருச்சு.

"அய்யோ!"

அடி படல. கீழ மடிச்ச போர்வை இருந்துச்சு. ஆனா பூவாயி அதை வாரி எடுத்து, கை காலெல்லாம் தடவித் தடவிப் பாத்தா. அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டு நஞ்சம்மா அத்தை மோர் வாங்க வந்தாங்க.

"ஏன்டி, புள்ளையப் போட்டுட்டுத் தூங்குனியாக்கும்? சொன்னேன்ல, பெத்தவ பகல்ல கண்ண மூடுனா வீட்டுல மூதேவி அடையும்னு. வெளக்கு வைக்கிறப்போ பின்கதவச் சாத்துறியா இல்லியா?"

"சாத்துறேன் அத்தை."

"சாத்துனாப் போதுமா? தாப்பாள் போடு!"

பூவாயி தாப்பாள் மட்டுமா போட்டா? சுத்தியல எடுத்தா. டங் டங் டங்! கதவுல குறுக்க கட்டைய வச்சு ஆணி அடிச்சா. "மூதேவி, இனிமே இந்தப் பக்கம் தல வச்சும் படுக்காத"ன்னு கத்துனா. பின்னாடி கழுதைச் சத்தம் டொக்... டொக்குன்னு தள்ளித் தள்ளிப் போயி, அப்புறம் கேக்கவே இல்ல.

அன்னிலருந்து அந்த வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. பூவாயி வீட்டத் தொடச்சா, தொடச்சதையே தொடச்சா. அடுப்பு மினுமினுன்னு மின்னுச்சு. அப்புறம் செங்கோடன் ரசத்துல சர்க்கரையப் போட்டான். மாடுன்னு நெனச்சு நஞ்சம்மா அத்தையோட ஆட்டுல பால் கறக்கப் போனான். அதுவும் கெடா!

"ஹிஹி."

சிரி, சிரி. ஆனா பாப்பாவுக்குச் சிரிப்பு வரல. அதுவும் தூங்கல. ஞே ஞேன்னு அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. பால் குடிக்க வாய் வைக்கும், குடிக்கத் தெம்பிருக்காது. கையெல்லாம் கொத்தவரங்கா மாதிரி ஆயிருச்சு. பூவாயி பாப்பாவ நெஞ்சோட சேத்துத் துணியில கட்டிக்கிட்டு, சாமிகிட்டயே கேட்டுர்றேன்னு கெளம்பிட்டா.

மொதல்ல யாரு வருவாரு?

"புள்ளையாரு."

அவரேதான். அரசமரத்தடியில தொந்தியத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாரு. "அப்பனே, எம்புள்ள தூக்கத்துக்கு ஏதோ தடை வந்துருச்சு, எடுத்துவிடு"ன்னா. புள்ளையாரு சிரிச்சாரு. "தடையா? ஆணி அடிச்சது யாரும்மா? நான் புடுங்கலாம், தும்பிக்கையில குத்திக்கும்."

"வெளையாடாத சாமி!"

"சரி, வெளையாடல. பயந்து பயந்து வீட்டுக்குள்ளயே கெடந்தியே, இன்னிக்கு வாசல் படி தாண்டினியே, அந்த மொத அடிய எடுத்து வச்சது யாரு?"

"நான்தான்."

"உன் காலுக்குள்ள இருந்தது நான்தான். எனக்குத் தொடங்கத் தெரியும், தூங்க வைக்கத் தெரியாது. தம்பியப் போய்ப் பாரு."

அப்புறம் மலை மேல ஏறுனா. அங்க முருகன், கையில வேல், பளீர்னு மின்னுது. "முருகா, மூதேவி வந்து நான் தூங்கினேன், எம்புள்ள விழுந்துருச்சு"ன்னா. முருகன் வேல் நுனிய அவ நெத்தி நடுவுல வச்சான். சுள்ளுன்னு இருந்துச்சு.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. புள்ள விழுந்தது நீ தூங்கினதாலயா, தூங்கமாட்டேன்னு உக்காந்துக்கிட்டே அடம் புடிச்சதாலயா? பாயில படுத்திருந்தா எங்கருந்து விழும்?"

பூவாயி நெத்தியத் தடவிக்கிட்டா. "பாத்தியா, நெசத்தையும் பயத்தையும் ரெண்டாக் கிழிச்சுது பாரு, அதுதான் என் வேல். அது உன் நெத்திக்குள்ளதான் இருக்கு. ஆனா எம்மேல கோவிச்சுக்காத, வேல வச்சுத் தாலாட்ட முடியாது"ன்னு அனுப்பிட்டான். கேக்குறியா?

"ம்..."

அப்புறம் ஊர் எல்லைக்கு வந்தா. அங்க துர்க்கை, சிங்கத்து மேல. சிங்கம் உர்ர்ர்ருன்னுச்சு. பூவாயி பதிலுக்கு ஒரு கத்துக் கத்துனா பாரு, "சும்மா இரு, புள்ள பயந்துரும்!" சிங்கம் வால மடக்கிக்கிட்டு உக்காந்துருச்சு. துர்க்கை கைதட்டிச் சிரிச்சா. "இப்ப உன் தொண்டையில கத்துனது யாருன்னு நெனச்ச? நான்தான்டி. புள்ளைய யாராச்சும் தொட வந்தா, கூப்புடாமயே வந்துருவேன். ஆனா நானே வாளக் கீழ வைக்கணும்னா, ஒருத்தி வந்து என் தோளத் தொடணும். அவ அந்தா இருக்கா."

எல்லைக்கு அந்தாண்ட ஒரு பாழடஞ்ச மண்டபம். அங்க மூதேவி, தூண்ல சாஞ்சு உக்காந்திருந்தா. கழுதை பக்கத்துல.

பூவாயி தூரத்துலருந்தே கூப்புட்டா, "மூதேவி! வீட்டுக்கு வா!" கழுதை முதுகத் திருப்பிக்கிச்சு. திட்டுறப்போ சொல்ற அதே கொரல்ல கூப்புட்டா யாரு வருவா?

அப்போ பூவாயி கிட்ட போயி, "மகாராணி, தங்கமே, பட்டுச்சேலை தர்றேன், வா"ன்னா. மூதேவி ஒரு கண்ணத் தொறந்து, "பட்டு எதுக்கு? கசங்கிரும்"னு சொல்லிட்டு மூடிக்கிட்டா.

பாப்பா அழக்கூட மாட்டாம முனகுது. பூவாயி அப்படியே மண்டபத்துப் படியில உக்காந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தா. மூதேவி... மூ... மூத்த தேவி. மூத்தவளா? அடடா, இது திட்டு இல்லியே, ஒறவு மொறைதானே? இத்தன நாளும் இவள என்னன்னு கூப்புட்டிருக்கணும்?

"அக்கா"ன்னு கூப்புட்டா.

மூதேவி ரெண்டு கண்ணயும் தொறந்தா.

"அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. நான் தூங்கிட்டா எம்புள்ளைய யாரு பாத்துக்குவா?"

மூதேவி மெதுவா எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தா. பழைய துணி மடிச்சு வச்ச பெட்டி மாதிரி ஒரு வாசம் அவ மேல. "அடி பைத்தியக்காரி. நீ தூங்கினா நீ மட்டுந்தான் தூங்குவ. உனக்குள்ள இருக்கிற மத்தவங்க முழிச்சிருப்பாங்க. எந்தங்கச்சி என்னிக்குத் தூங்கியிருக்கா? தூக்கத்துலயும் உன் மார்ல பால் ஊறுறது அவ வேலை. புள்ள லேசா சிணுங்கினா உன்னத் தட்டி எழுப்புறது அந்த சிங்கத்துக்காரி. நான் இருக்கிறது உன் கண்ணு எமையில, அவ்ளோதான். நீ ஆணி அடிச்சது கதவுலன்னு நெனச்சியா?"

"தப்புதான்க்கா."

"தப்பெல்லாம் இல்ல. நட, எனக்கு வேகமா நடக்க வராது."

வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாங்க. மூதேவி பின்பக்கமாச் சுத்திக்கிட்டுப் போனா. செங்கோடன் ஆணியெல்லாம் புடுங்கினான், க்ரீச், க்ரீச். பூவாயி முன்னாடி வெளக்க ஏத்துனா, பின்கதவத் தொறந்தே வச்சா. நஞ்சம்மா அத்தை எட்டிப் பாத்துட்டு, "ஏன்டி, வெளக்கு வச்சுப் பின்கதவத் தொறந்து போட்டிருக்க? அறிவிருக்கா?"ன்னாங்க.

"எங்கக்கா வர்றா அத்தை."

"உனக்கு ஏதுடி அக்கா?"ன்னு கேக்க வந்தவங்க, பாதியிலயே ஆ...வ்னு கொட்டாவி விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் பாப்பா கண்ணு சொருகுச்சு. வயிறு நெறயப் பால் குடிச்சுட்டு, ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் தூங்கிருச்சு. செங்கோடன் சோத்துத் தட்டுகிட்டயே கொர்ர்... கொர்ர்னு சாஞ்சுட்டான்.

கேக்குறியா?

"...ம்."

பூவாயி மட்டும் முழிச்சிருந்தா. பாப்பாவச் செவுத்துப் பக்கமாப் பாயில போட்டு, அவளும் பக்கத்துல படுத்தா. மூக்குகிட்ட வெரல வச்சா. மூச்சு வந்துச்சு. அடுத்த மூச்சுக்காக அவ காத்திருந்தா. பயம் போகல. அது போகாது போல. அப்போ எமை மேல யாரோ உக்காந்த மாதிரி கனமா இருந்துச்சு. "போதும்டி"ன்னு ஒரு கொரல். "சரிக்கா"ன்னு வெரல எடுத்துட்டா. பயத்தோடயே, பயத்துக்குப் பக்கத்துலயே கண்ண மூடுனா. அடுத்த மூச்சு, அது பாட்டுக்கு வந்துச்சு.

கேக்குறியா கண்ணு?

கண்ணு?

சரி. கதையும் படுத்துருச்சு, நீயும் படுத்துட்ட. தூங்கு ராசாத்தி, தூங்கு.