வட்டத்துக்கு ரேட்டு கிடையாது

ஊசிமேட்டுப்பட்டியில் புத்தி கெட்டவர் என்று ஒருவரையும் சொல்லிவிட முடியாது. கெடுவதற்கு முதலில் அது இருக்க வேண்டும்.

அந்த ஊரிலேயே கொஞ்சம் மெதுவானவர்கள் என்று பேரெடுத்தவர்கள் வடமலை, கொண்டல்சாமி, அய்யாக்குட்டி என்ற அண்ணன் தம்பிகள் மூவர். அவர்களுக்குத் தெருவைப் பார்த்த ஒரு ஓட்டு வீடும், வீட்டுக்குப் பின்னால் நீளமாய் ஒரு காலி இடமும் இருந்தன. அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று வருஷக்கணக்காக அதிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள். யோசிப்பதற்கு நல்ல இடம்.

மூத்தவர் வடமலைக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணமாகவில்லை. அடுத்த தெரு பால்வண்ணத்தின் மகள் ஆவுடைத்தங்கத்தின் மேல் அவருக்கு ஒரு பிரியம். ரேஷன் கடை வரிசையில் அவள் ஒரு தடவை அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்ததால்தான் சிரித்தாள் என்று பிறகு தெரியவந்தது. அன்றிலிருந்து வடமலை சட்டையை அப்படித்தான் போடுகிறார்.

ஒருநாள் துணிந்து பெண் கேட்டும் போய்விட்டார்.

"பொண்ணு தாறேன்வே," என்றார் பால்வண்ணம். "ஆனா வருமானம்னு ஒண்ணு வேணும்லா? பின்னால எடம் சும்மாதான கெடக்கு? ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும். தை பொறக்கும்போது அதுல ஆளு குடியிருக்கணும். இல்லேன்னா களக்காட்டுல ஒரு மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்."

"ஆளு யாரா இருந்தாலும் சரியா மாமா?"

"வாடகை குடுக்கிற ஆளா இருந்தாச் சரி."

செம்புலிங்கக் கொத்தனார் வரவழைக்கப்பட்டார். வந்தவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். துப்பிய இடத்தில் அய்யாக்குட்டி ஓடிப்போய் ஒரு கல்லை வைத்தான், அளவு குறித்திருக்கிறார் என்று. கடைசியில் வீடு அங்கேதான் எழும்பியது என்பது வேறு விஷயம்.

"எல்லாம் சேத்து சதுரத்துக்கு ரெண்டரை லட்சம் ஆகும்," என்றார் கொத்தனார். "ஒரு குடும்பம் இருக்கணும்னா மூணு சதுரமாவது வேணும்."

நூறு சதுர அடியைக் கட்டட வேலையில் ஒரு சதுரம் என்பார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரிலும் மூன்று பேர் குறைவு.

சகோதரர்கள் தள்ளிப்போய்க் குந்தினார்கள்.

"மூணு சதுரம்னா ஏழரை அண்ணே," என்றான் கொண்டல்சாமி. அவன் நாலாம் வகுப்பு. வீட்டில் கணக்கு வழக்கெல்லாம் அவன்தான்.

"ஏழரையா? ஏலே, அது சனியில்லா!" வடமலை திடுக்கிட்டார். "வயலை வித்த காசு அஞ்சுதான் இருக்கு."

"அண்ணே, அவரு சதுரத்துக்குத்தான காசு கேக்காரு," என்றான் அய்யாக்குட்டி. "நாம ஏன் சதுரமா கட்டணும்?"

மூவரும் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்கள். பெரிய உண்மைகள் வரும்போது அப்படித்தான்.

"கொத்தனாரே," என்று வடமலை மெல்லக் கேட்டார், "வட்டத்துக்கு என்ன ரேட்டு?"

"வட்டத்துக்கெல்லாம் ரேட்டு கிடையாதுவே," என்றார் அவர்.

வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்லே, வாய்தவறிச் சொல்லிட்டாரு," என்று தம்பிகளின் காதில் சொன்னார். "மாத்திப் பேசுறதுக்குள்ள ஆரம்பிச்சிருவோம்."

வீட்டை வட்டமாகவே கட்டச் சொல்லிவிட்டு, எப்போது முடியும் என்று கேட்டதற்குக் கொத்தனார், "மழை வராமப் பாத்துக்கிட்டா மூணு மாசம்," என்றார். அந்தப் பொறுப்பை அய்யாக்குட்டி ஏற்றுக்கொண்டான். ஐப்பசி முழுக்கத் தெருமுனையில் ஒரு முக்காலியைப் போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்திருந்தான். நாயைக்கூட விசாரித்துத்தான் விட்டான். மழை பேயாய்க் கொட்டியது. தோண்டிய குழியெல்லாம் குளமாயிற்று.

"எப்படிலே விட்டே?" என்று வடமலை சத்தம் போட்டார்.

"தெருவை விட்டுக் கண்ணெடுக்கல அண்ணே. அது மேல வழியா வந்துட்டு."

"மேல ஒரு வழி இருக்குன்னு கொத்தனாரு மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்று கொண்டல்சாமி வருத்தப்பட்டான். "இப்படி ஒவ்வொண்ணா மறைச்சா வேலை எப்படி வெளங்கும்?"

மழை ஓய்ந்தபின் கடைக்கால் எழும்பியது. அதன்மேல் நல்ல நேரம் பார்த்து, பூ வைத்து, மஞ்சள் தடவி, வாசல் நிலையை நிறுத்தினார்கள். சுவர் அதற்கப்புறம்தான். "நிலை வச்சாச்சு, இனி இதுதான் வாசல்," என்று கொத்தனார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சித்தாள்களெல்லாம் செங்கல்லைச் சுமந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். வெட்டவெளியில் நிலை நின்றது. நிலையில் கதவு. கதவில் பூட்டு. தேக்கு மரமாயிற்றே, களவு போய்விடக் கூடாதென்று சகோதரர்கள் இரவோடு இரவாகக் கதவு மாட்டிப் பூட்டியிருந்தார்கள். சாவியையும் உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"சாவி அந்தா கெடக்கு," என்று வடமலை கதவின் ஓரமாய் எட்டிக் காட்டினார். "எடுக்கத்தான் வழியில்லை."

கொத்தனார் நிலையைச் சுற்றிப் போய்ச் சாவியை எடுத்தார். அவ்வளவுதான், கொண்டல்சாமி பாய்ந்துவிட்டான்.

"என்னவே இது! சுவரேறிக் குதிச்சா உள்ள போனீரு?"

"சுவரே இல்லையேவே!"

"சுவர் இல்லாம எப்படிவே குதிச்சீரு?"

கொத்தனார் திருதிருவென்று முழித்தார். குற்றமுள்ள மனசு அப்படித்தான் முழிக்கும் என்று மூவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த மனிதர், சகோதரர்கள் வந்து சாவி கொடுக்கும்வரை வாசலில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலைக்கு நுழைந்தார். கொஞ்ச நாளில் அவருக்கே அது சரியென்று பட்டிருக்க வேண்டும். ஊர்க்காற்று அப்படி.

சுவர் எழும்பியது. "காலையிலயும் சாயந்தரமும் மறக்காமச் சுவருக்குத் தண்ணி காட்டுங்க," என்று சொல்லிவிட்டு, கொத்தனார் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனார். திரும்பி வந்தால் சுவரெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"தண்ணி காட்டலையா?"

"காட்டாம என்ன?" என்றான் அய்யாக்குட்டி. "பித்தளைக் குடத்துல மொண்டுக்கிட்டு வந்து, சுத்திச் சுத்திக் காட்டினேன். நல்லாத் தெரியட்டும்னு கொஞ்சம் சாய்ச்சும் காட்டினேன்."

"ஊத்தலையா?"

"நீரு ஊத்தச் சொல்லலையே. காட்டச் சொன்னீரு. அது பாத்துட்டுச் சும்மா நின்னுது. தாகமில்ல போலன்னு கொண்டுபோயிட்டேன்."

வெடிப்பை அடைத்து, பூசி, கூரையும் போட்டு முடித்தபோது மார்கழி பாதி போய்விட்டது. கொத்தனார் ஒன்பது லட்சம் என்றார். செங்கல்லை உடைத்து உடைத்து வளைவாக வைத்த கூலி, வெடிப்பை அடைத்த கூலி, வாசலில் காத்துக்கிடந்த கூலி.

"சதுரத்துக்கு மூணு லட்சம் ஆயிட்டுவே," என்றார்.

"எந்தச் சதுரம்? காட்டும் பாப்போம்," என்று வடமலை அவரை வீட்டைச் சுற்றி அழைத்துப் போனார். கொத்தனார் எவ்வளவோ தேடிப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. சிக்காவிட்டாலும் ஆட்களோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பாக்கிக்கு முன்வீட்டு ஓடு, உத்திரம், ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றி விற்றார்கள். சொந்த வீட்டுக்குக் கூரை போய், வாடகை வீட்டுக்குக் கூரை வந்தது. வருமானம் வேண்டுமென்றால் முதல் போட வேண்டாமா?

வீடு பார்க்க முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். பீரோவையும் வண்டியில் ஏற்றியே கொண்டுவந்திருந்தார். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று.

"பீரோவை எந்த மூலையில வைக்க?"

"அந்தத் தொந்தரவே கிடையாது சார்," என்றார் வடமலை. "மூலையே இல்ல."

வாத்தியார் பீரோவோடு போய்விட்டார். அதற்கப்புறம் வந்தவர்களும் சுற்றிப் பார்த்தார்கள், தலை சுற்றிப் போனார்கள். தை பிறக்க ஒரு நாள்தான் இருந்தது. கூரையில்லாத முன்வீட்டில், பனியில் நனைந்தபடி வடமலை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆவுடைத்தங்கம் களக்காட்டுக்கு.

"அண்ணே," என்றான் கொண்டல்சாமி, "மாமா என்ன சொன்னாரு? ஆளு யாரா இருந்தாலும் சரின்னாருல்லா?"

"ஆமா."

"நீரும் ஒரு ஆளுதான?"

வடமலைக்கு இது அதுவரை தோன்றியதில்லை.

தை முதல் நாள் காலையில், பால்வண்ணம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, வட்ட வீட்டின் வாசலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வடமலை படிக்கு வெளியே நின்று வாடகைக்காரராய் ஒரு வார்த்தை பேசுவார். உள்ளே தாண்டித் திரும்பி நின்று வீட்டுக்காரராய் மறு வார்த்தை பேசுவார். தம்பிகள் இருவரும் சாட்சிக்கு நின்றார்கள்.

"வீடு வாடகைக்குன்னு சொன்னாங்க. என் பேரு வடமலை."

"என் பேரும் அதாம்வே! எந்த ஊரு?"

"இதே ஊருதான்."

"பாத்ததே இல்லையே."

"நானும் உங்களை இன்னைக்குத்தான் நேர்ல பாக்கேன்."

"குடும்பம் உண்டா?"

"இல்லீங்க. தனி ஆளு."

வீட்டுக்கார வடமலையின் முகம் சுருங்கியது. "கல்யாணமாகாதவனுக்கெல்லாம் வீடு குடுக்கிறதில்ல. போயிட்டு வாரும்."

"அண்ணன் கறாரான ஆளுல்லே!" என்று அய்யாக்குட்டி மெச்சிக்கொண்டான்.

வாடகைக்கார வடமலை கையைப் பிசைந்தார். "அய்யா, அப்படிச் சொல்லக் கூடாது. எனக்கு இந்த மாசமே கல்யாணம். குடி வந்தாத்தான் பொண்ணு தருவாங்க."

"பொண்ணு யாரு?"

"பால்வண்ணம் மக, ஆவுடைத்தங்கம்."

வடமலை உள்ளே தாண்டித் திரும்பி நின்றார். காது சிவந்தது.

"ஏலே! அது எனக்குப் பேசின பொண்ணுலே!"

பாய்ந்து வாடகைக்காரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பிடித்த வேகத்தில் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. "சட்டையைக் கிழிக்கியா?" என்று வாடகைக்காரர் குதித்தார். தம்பிகள் விலக்கிவிடப் பார்த்தார்கள். யாரை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு கையைப் பிடித்து எதிரெதிரே இழுத்தார்கள்.

"சத்தம் போடாதீங்கவே ரெண்டு பேரும்!" பால்வண்ணம் நடுவில் வந்து நின்றார். அவரும் ஊசிமேட்டுப்பட்டிக்காரர்தான். இரண்டு தரப்பையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"வீட்டுக்காரருக்கு வாய் நீளம், கைநீட்டவும் செய்யுதாரு, தலைக்கு மேல கூரையும் இல்ல. வாடகைக்காரரு தன்மையாப் பேசுதாரு, இருக்க ஒரு எடமும் இருக்கு. நான் பொண்ணை வாடகைக்காரருக்குத்தான் குடுப்பேன். நீ என்னம்மா சொல்லுதே?"

ஆவுடைத்தங்கம் உள்பக்கம் வெளியே தெரியக் கிழிந்து தொங்கிய சட்டையைப் பார்த்தாள். ரேஷன் கடையில் சிரித்தது போலவே சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்ப்பா. சீக்கிரம் முடிங்க, வெயில் ஏறுது."

கல்யாணம் அந்த மாசமே நடந்தது. மாப்பிள்ளை வடமலை நேரில் போய் வீட்டுக்காரருக்குப் பத்திரிகை வைத்தார். வீட்டுக்காரர் வாங்கவில்லை. பந்தியில் அவருக்கென்று ஒரு இலை போட்டுக் காத்திருந்தார்கள். வராததால், வீணாகக் கூடாதென்று மாப்பிள்ளையே அதிலும் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசத்தில் இனிப்பே இல்லை, வயிற்றெரிச்சல்காரன் இலை இப்படித்தான் இருக்கும் என்றார்.

சாயந்தரம் தம்பிகள் இருவரும் கூரையில்லாத முன்வீட்டில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"நேத்து வந்த வாடகைக்காரருக்குக்கூடக் கல்யாணம் ஆயிட்டு," என்று பெருமூச்சு விட்டான் அய்யாக்குட்டி. "நம்ம அண்ணன் இப்படி நிக்காரே."

அந்த நேரம் பார்த்து வடமலை கழுத்தில் மாலையோடு பின்பக்கமிருந்து வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். "எனக்கும் வயசாகுதுல்லாலே," என்று மாலையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனசை விடாதேயும் அண்ணே," என்றான் கொண்டல்சாமி. "இன்னும் பாதி எடம் காலியாத்தான கெடக்கு. இன்னொரு வீடு கட்டுவோம், இன்னொரு பொண்ணு பாப்போம். கொத்தனாருகிட்டப் பேசிட்டேன்."

"காசு?"

கொண்டல்சாமி அண்ணனின் காதருகே குனிந்தான்.

"முக்கோணத்துக்கும் ரேட்டு இல்லையாம்."