பிந்தி வந்த வலது கை

மந்தைப்பாளையத்து ஆட்களைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் ஐயா அவர்கள்! ஒரு மனுசனிடம் அதுக்கு மேல் என்ன வேணும்?

அந்த ஊர் சவரிமுத்துவுக்குப் போத்தனூர் பெனிட்டா மேல் உயிர். பெனிட்டாவுக்கும் அவனைப் பிடிக்கும், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் அப்பா வின்சென்ட் ரிட்டயரான ரயில் டிரைவர், பியானோப் பைத்தியம். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வேற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள எம்முன்னால ஒரு ராக்டைம் சௌகரியமா வாசிச்சுக் காட்டு, பொண்ணு உனக்கு" என்றுவிட்டார்.

ராக்டைம் என்றால் பழைய அமெரிக்கத் துள்ளல் இசை. பெனிட்டா அவசர அவசரமாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: "இடது கை நேரம் தவறாமப் போகணும். வலது கை கொஞ்சம் பிந்தி வரணும். பாக்க சௌகரியமா இருக்கணும்."

சவரிமுத்து அதைக் கூட்டாளிகள் மிக்கேலிடமும் தொம்மையிடமும் காட்டினான். டீக்கடை பெஞ்சில் ஆழ்ந்த யோசனை நடந்தது.

"வேலை மூணு, ஆளும் மூணு. ஆண்டவர் அளந்துதான் அனுப்பியிருக்கார்" என்றான் மிக்கேல். "பால் சொசைட்டிக்கு நான் ஒருநாளும் லேட்டாப் போனதில்ல. இடது கை எனக்கு."

"பிந்தி வர்றதுக்கு?"

ரெண்டு பேரும் தொம்மையைப் பார்த்தார்கள். தொம்மை தன் கல்யாணத்துக்கே மறுநாள் வந்தவன். வெட்கத்தோடு தலையாட்டினான்.

"அப்ப எனக்கு?" என்றான் சவரிமுத்து.

"சௌகரியம், மாப்ள. அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். நல்லா சாதகம் பண்ணு."

மிக்கேல் பெஞ்சில் சாக்பீஸால் பியானோக் கட்டைகள் வரைந்து தட்டிப் பழகினான். சவரிமுத்து நாலு நாள் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. தொம்மை சாதகத்துக்கு வரவே இல்லை. "என்ன ஒரு ஞானம்டா இவனுக்கு!" என்று மற்ற ரெண்டு பேரும் அசந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வின்சென்ட் வீட்டுக் கூடத்தில் பியானோ பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு சவரிமுத்து மல்லாந்தான். மிக்கேல் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிக்கொண்டு இடது கையால் ஆரம்பித்தான். டொம். டொம். டொம்.

"வலது கை எங்கப்பா?" என்றார் வின்சென்ட்.

"வருதுங்க. பிந்தித்தானுங்களே வரணும்?"

மூணரைக்கு சவரிமுத்து குறட்டையே விட்டான். பெனிட்டாவுக்கு அழுகை முட்டியது. "ஐயோ, அவரை எழுப்புங்க! அவங்க வந்துருவாங்க!"

"எழுப்பினா சௌகரியம் கெட்டுருமே, அம்மணி" என்றான் மிக்கேல். டொம். டொம்.

சரியாக நாலு மணிக்கு, குறட்டை ஓய்ந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் பூமாலையோடு வந்தார்கள். கூடத்தில் ஒருத்தன் கண்மூடிக் கிடக்கிறான். பக்கத்தில் பொண்ணு அழுகிறாள். சாவு மணி மாதிரி ஒரே சத்தம். அவர்களில் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மாலையைச் சவரிமுத்து நெஞ்சில் சாத்தினார்.

"எப்பங்க எடுக்கறீங்க?" என்றார் தணிந்த குரலில்.

"வலது கை வந்துரட்டுங்க" என்றான் மிக்கேல்.

"கை தனியா வருதா! என்ன விபத்தோ, ஏசுவே!" என்று பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார். கூட வந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே தெருமுனையில் இருந்தார்கள்.

அப்புறம்தான் தொம்மை வந்தான். மாலையைப் பார்த்தான். "ஐயோ, சவரி!" என்று விழுந்து புரண்டான். மிக்கேல் திரும்பிப் பார்த்தான். மாலை இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. இதுக்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவனும் ஓவென்று அழுதான்.

சத்தத்தில் சவரிமுத்து விழித்துக்கொண்டான். "யாருடா போயிட்டாங்க?"

"நீதான், மாப்ள!"

"அடக் கொடுமையே! கல்யாணம் ஆகாமயே போயிட்டனே!" என்று அவனும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வின்சென்ட் சிரித்த சிரிப்பில் அவர் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. "போனவங்க இனி இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க. இவனையே கட்டிக்கம்மா" என்றார்.

"கட்டிக்கறேன், அழாதீங்க" என்றாள் பெனிட்டா, சிரிப்பும் கண்ணீருமாக.

"அப்ப நான் நிம்மதியாப் போவேன்" என்று சவரிமுத்து மறுபடி கண்ணை மூடினான். கூட்டாளிகள் ரெண்டு பேரும் அவனை நாற்காலியோடு தூக்கினார்கள்.

"டேய், எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?" என்றார் வின்சென்ட்.

"சர்ச்சுக்குங்க."

"கல்யாணத்துக்கா, அடக்கத்துக்கா?"

மிக்கேல் நாற்காலியைக் கீழே வைத்து யோசித்தான்.

"ரெண்டுக்கும் ஒரே ஃபாதர்தானுங்களே. எதை முதல்ல வெச்சுக்கலாம்னு அவரையே கேட்டுக்கறோம்."