நடுக்கச் சாத்தனார் அரிசி சிந்திய வழி

கல்லாற்றின் தென்கரையில் ஏந்தலூர் என்று ஓர் ஊர். அங்கே நெல் குத்திப் பிழைத்தவர் சாத்தனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருதங்குன்றத்தில் சிவபெருமான் கோயில் இருந்தது. சுவாமியின் அமுதுக்கு நாள்தோறும் அரிசி குத்திச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பதே சாத்தனாரின் தொண்டு. மூச்சுக்காற்று படக்கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். உலக்கை விழும்போதெல்லாம் ஐந்தெழுத்தில் ஓர் எழுத்தை மனத்துக்குள் சொல்லுவார். மூட்டையைத் தலையில் ஏற்றினால் கோயில் வாசல் வரை தரையில் இறக்கமாட்டார். வழியில் சிந்திய அரிசி சுவாமிக்கு ஆகாது என்பது அந்தக் கோயில் வழக்கம். குத்தியதில் நொய்யும் தவிடும் அவருக்குக் கூலி.

அவருக்கு ஒரு குறை உண்டு. அடியார் கதை என்பதற்காக அதை மறைப்பானேன்? அவர் சரியான பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். நாய் குரைத்தால் வேறு தெரு வழியாகப் போவார். பயம் வந்துவிட்டால் கை, கால், தாடை எல்லாம் தனித்தனியே ஆடும். ஊரார் அவருக்கு நடுக்கன் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் காலத்தில்தான் அந்தப் போர் வந்தது. மருதங்குன்றம் யாருக்குச் சொந்தம் என்று தென்னாட்டு அரசனும் மலைநாட்டு அரசனும் மூன்று மாதம் வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் யாருக்கும் இல்லை என்று முடித்தார்கள். இதற்குப் போர் எதற்கு என்று கேட்க ஊரில் ஆளில்லை. கேட்கக்கூடியவர்கள் போரில் செத்துப்போயிருந்தார்கள்.

போர் நின்ற பிறகும் யார் உயிருக்கும் நிச்சயமில்லை. ஆற்றுக்கும் குன்றுக்கும் இடையில் இரு படையினரும் நஞ்சு தோய்த்த இரும்பு முட்களை மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். எங்கே புதைத்தோம் என்று அறிந்தவர்கள் உயிரோடு இல்லை. தென்கரைத் துறையில் குன்றன் என்னும் தென்னாட்டுப் படைத்தலைவன் காவல் இருந்தான். வடக்கே பாறைகளின்மேல் மலைநாட்டு வில்லாளிகள் இருந்தார்கள். தானியத்தோடு அந்த மண்ணில் கால் வைப்பவன் எதிரிக்குச் சோறு போடுகிறவன், அவனைக் கொல்லலாம் என்பதில் மட்டும் இரு நாட்டாருக்கும் ஒரே கருத்து.

எரிந்துபோன சிற்றூர்களிலிருந்து தப்பிய அறுபது பேர் கோயிலுக்குள் அடைந்து கிடந்தார்கள். கோயிலில் மிச்சமிருந்த நெல்லை அவர்கள் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது மடைப்பள்ளிப் புகையிலிருந்து ஏந்தலூருக்குத் தெரியும். சாத்தனார் தினமும் விடிந்ததும் அந்தப் புகையைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகு தம் பொறுப்பில் இருந்த கோயில் நெல்லை வழக்கம்போலக் குத்தி, அன்றைய அரிசியை உத்தரத்தில் தொங்கவிட்ட மூட்டையில் சேர்ப்பார்.

"சாமி அந்தக் கரையில, படையல் இந்தக் கரையிலயா, நடுக்கா?" என்று தெருவில் போகிறவர்கள் கேலி செய்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

போர் நின்ற நாற்பதாம் நாள் புகை எழவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் சாத்தனார் மூட்டையை உத்தரத்திலிருந்து அவிழ்த்துத் தலையில் ஏற்றினார். மனைவி கொற்றியார் அவர் முழங்கால்களைப் பார்த்தார்.

"பயமா இருக்குதா?"

"வயித்தக் கலக்குது."

"அப்பப் போகாதீங்க."

"போகாட்டியும் கலக்கத்தான் போகுது, கொற்றி. அங்க பொகையில்லாம இருக்குதே."

கொற்றியார் அவர் வாய்த்துணியை இறுக்கிக் கட்டிவிட்டார்.

துறையில் குன்றன் ஈட்டியை நீட்டி மறித்தான். "என்னடா மூட்ட?"

சாத்தனார் வாய்த்துணியைக் கீழே இழுத்துவிட்டு, "சாமிக்கு அரிசிங்க" என்றார்.

"என் ஆளுங்க ஏழு பேரு அந்த மண்ணுல கால வச்சு, ஒடம்பு நீலமாகிச் செத்தானுங்க. எட்டாவதா ஒன்னைப் பொதைக்க எனக்குத் தெம்பில்ல. திரும்பிப் போ."

சாத்தனார் திரும்பவில்லை. ஆடிக்கொண்டே நின்றார். இவ்வளவு நடுங்குகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று குன்றனுக்குச் சந்தேகம் வந்தது. மூட்டைக்குள் அம்பு முனைகள் இருக்கின்றனவா என்று அறிய, தலைமேல் இருந்த மூட்டையை ஈட்டியால் குத்தினான். இரும்பு எதுவும் தட்டவில்லை. ஓட்டை வழியே அரிசி ஒழுகத் தொடங்கியது. சாத்தனார் ஒரு கையால் பொத்திப் பார்த்தார். கை ஆடிய ஆட்டத்தில் ஓட்டை பெரிதாயிற்று.

"சிந்தினா சாமிக்கு ஆகாதுன்னு நீங்கதானடா சொல்லுவீங்க? இனிமே இது வெறும் அரிசி. வெறும் அரிசி ஆத்தத் தாண்டக்கூடாது."

சாத்தனாருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்: "விழுந்ததுதாங்க வெறும் அரிசி. விழாதது இன்னும் அவரோடது. நின்னுக்கிட்டிருந்தா அதுவும் விழுந்துரும். வழி விடுங்க."

வீரர்கள் சிரித்தார்கள். குன்றனும் சிரித்து ஈட்டியை எடுத்துக்கொண்டான். "போகட்டும் விடுங்கடா. பத்தடி போனா அதிசயம்."

முழங்கால் அளவு நீரைக் கடந்து சாத்தனார் அக்கரை மண்ணில் நின்றார். எங்கும் புல் முளைத்துப் பச்சையாக இருந்தது. எந்தப் புல்லுக்குக் கீழே முள் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? உலக்கை போடுகிற கணக்கில் ஓர் எழுத்துக்கு ஓர் அடி வைத்தார். 'ந' என்று வைத்த கால் மண்ணைத் தொடும்வரை மூச்சு விடவில்லை. 'ம' என்று மறுகாலைத் தூக்கினார். பாதி வழியில் பாறையிலிருந்து பறந்து வந்த அம்பு ஒன்று அவருக்கு ஒரு சாண் முன்னால் குத்தி நின்றது. பதறிப்போய் இடப்பக்கம் ஒதுங்கினார். அங்கிருந்து மறுபடி 'ந' என்று தொடங்கினார்.

கோயில் வாசலை அடைந்தபோது மூட்டையில் பாதிதான் இருந்தது. மண்டபத்தில் மனிதர்கள் கிடந்தார்கள். நக்கை என்ற பெண் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். மடியில் இருந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"அரிசியா, ஐயா?" என்று நக்கை கேட்டாள்.

கொடுத்துவிடலாம். ஆனால் சுவாமியின் அமுதுக்கென்று சுமந்து வந்த அரிசியைப் படைக்காமல் ஒருவரும் தொட்டதில்லை. படைக்க வேண்டிய குருக்களோ போரில் இறந்துவிட்டார். கருவறைக்குள் நுழையச் சாத்தனாருக்கு வழக்கம் இடம் தரவில்லை. முட்களுக்கு நடுவே நடந்தபோது இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி இப்போது நடுங்கினார். குழந்தையைப் பார்த்தார். கருவறை இருட்டைப் பார்த்தார்.

"பொறுத்துக்கணும், சாமி" என்று சொல்லி மூட்டையை நக்கையின் முன் இறக்கினார்.

மடைப்பள்ளியில் புகை எழுந்தது. அறுபது பேரும் கஞ்சி குடித்தார்கள். சாத்தனார் ஒரு வாய்கூடத் தொடாமல், சுவாமியின் உணவைப் பிறருக்குக் கொடுத்த பாவி என்று வாசற்படியில் ஒடுங்கிக் கிடந்தார். அழுதது வெளியே கேட்காதபடி வாய்த்துணியை மறுபடி கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் புகையைக் கண்ட குன்றன், ஆற்றைக் கடந்து அக்கரையில் ஏறி நின்று திகைத்தான். பச்சைப் புல்லின் நடுவே வெள்ளையாய் ஓர் அரிசிக் கோடு கோயில் வரை போயிற்று. பசித்த பூமியில் ஒரு காக்கைகூட, ஓர் எறும்புகூட அதில் வாய் வைத்திருக்கவில்லை. அவன் ஈட்டியால் மண்ணைக் குத்திக்கொண்டே அந்தக் கோட்டில் நடந்தான். கோட்டுக்கு இருபுறமும் ஈட்டி முனை இரும்பில் இடித்தது. கோட்டின் கீழே ஓரிடத்திலும் இடிக்கவில்லை. அம்பு நின்ற இடத்தைத் தோண்டினான். சாத்தனார் ஒதுங்காமல் நேரே நடந்திருந்தால் கால் வைத்திருக்கக்கூடிய இடத்தில் முள் மேல்நோக்கி நின்றது. பாறைமேல் நின்ற வில்லாளிகளும் இதைப் பார்த்தார்கள். அவர்கள் விற்களைத் தாழ்த்தினார்கள்.

குன்றன் வாசற்படியில் சாத்தனார் காலில் விழுந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று எண்ணிய சாத்தனார் பதறித் தாமும் அவன் காலில் விழுந்தார். இருவரும் விழுந்து கிடந்தபோது கருவறையிலிருந்து குரல் எழுந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

"சாத்தா, நேற்று நீ கொண்டுவந்ததை அறுபது வாயால் உண்டோம். வழியில் நீ சிந்தியதும் நமக்கே ஆயிற்று. நம் பிள்ளைகளுக்குச் சோறு வர வழி வேண்டியிருந்தது. உள்ளே வா."

அன்று முதல் இரு நாட்டாரும் அந்தக் கோட்டின்மேல் நெல் சுமந்து போனார்கள். அதில் நடப்பவரை யாரும் தொடுவதில்லை என்று இரு அரசரும் கல்லில் வெட்டினார்கள். சாத்தனாரோ அதன்பிறகும் இடி இடித்தால் குதிருக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தார். அஞ்சாத வீரரைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடிக்கு அடி அஞ்சிக்கொண்டே நடந்துபோய்ச் சேர்ந்த சாத்தனாரின் திருவடிகளுக்கு, அவரைப்போலவே பயந்த சுபாவமுள்ள எளியேன் வணக்கம்.