இரண்டும் ஐந்தும் ஒரே குளமான கதை

"எண்ணிக்கையை மட்டும் கேட்காதே, எண்ணினவன் எங்கே நின்றுகொண்டு..." என்று கிழட்டுக் கூழைக்கடா ஒன்று ஏதோ ஒரு கூட்டத்தில் பேசியது ஆமை பொறையனுக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. மீதி வாசகம் இல்லை. அன்று பேச்சு நீண்டுகொண்டே போக, அவன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

இதெல்லாம் அந்தக் காலத்தில். பூமி அப்போதுதான் விரித்துப்போட்ட பாய்போலச் சதுரமாகக் கிடந்தது. நண்டும் பருந்தும் மட்டுமல்ல, மேகம்கூட வாய் திறந்து பேசும்.

மழை பெய்விப்பது அன்று கூட்டு வேலை. செம்பருந்து செம்பி வானத்தில் வட்டமிட்டு எங்கே வறட்சி என்று பார்த்து வருவாள். தென்கடற்கரையில் வளை தோண்டி வாழ்ந்த நண்டு அலவன், கடலில் நீர் மொண்டு எழும் மேகத்தின் காதில் இடத்தைச் சொல்வான். மேகம் அவன் குரலுக்கும் அவன் கணக்குக்கும்தான் பழகியிருந்தது. ஈர மணலில் பூமியின் படத்தைக் கீறி வைத்துக் காப்பது பொறையனின் பொறுப்பு. மழைக்காலம் முடியும்வரை அவன் அந்தக் கரையைவிட்டு நகரக் கூடாது. மனைவியும் பிள்ளைகளும் வடக்கே, தொலைதூரக் குளமொன்றில் இருந்தார்கள்.

நெடுங்காலம் படம் ஒரே கட்டமாகத்தான் இருந்தது. மேகம் கொழுத்திருந்த காலம். ஒருமுறை கொட்டினால் பூமி மொத்தமும் நனையும். ஆனால் அந்த ஆண்டு வெயில் கடலையே சுண்டவைத்தது. மேகம் இளைத்துப்போய், "ரெண்டு தடவை கொட்டத்தான் தண்ணி இருக்கு. இடத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றது.

பொறையன் கட்டத்தை நாலாக்கினான். நாலில் ஒவ்வொன்றையும் மறுபடி நாலாக்கினான். அவற்றையும் நாலாக்கினான். நெடுக்கில் எட்டு வரிசை, குறுக்கில் எட்டு, ஆக அறுபத்துநாலு கட்டங்கள். இவ்வளவு பெரிய பூமி நாலு நாலாக மடிந்து தன் கால் நகத்துக்கு அடங்கிவிட்டதே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

எண்ணுவது எப்படி என்று பேசினார்கள். மேற்கிலிருந்து கிழக்கே எண்ணுவதில் யாருக்கும் தகராறு இல்லை. விளிம்பை ஒட்டியது பூஜ்யம் என்பதிலும் இல்லை. "அங்கே போக ஒண்ணையும் தாண்ட வேண்டாமே" என்றான் அலவன். செம்பியும் தலையசைத்தாள். அதற்குமேல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை செம்பி சிறகு படபடக்க வந்து இறங்கினாள்.

"பொறையண்ணே, உங்க குளம் வத்திப்போச்சு. அண்ணி குஞ்சுகளைச் சேத்துக்குள்ளே புதைச்சுட்டு மேலே நிழலா நிக்கிறாங்க. பதினோரு குஞ்சு. ரெண்டு நாள் தாங்கினா அதிகம்."

பொறையன் நடந்து போனால் ஒரு மாதம் ஆகும்.

"எந்தக் கட்டம்?"

"மேற்கிலேருந்து மூணு, வரிசை ரெண்டு."

அலவன் ஓடிப்போய் மேகத்தின் காதில் சொன்னான்: "மூணு, ரெண்டு."

"ஏன் எதுக்குன்னு கேக்குற பழக்கம் நமக்கு இல்லே" என்று சொல்லிவிட்டு மேகம் புறப்பட்டது.

பொழுது சாய்வதற்குள் செம்பி திரும்பி வந்தாள். வரும்போதே கத்தினாள்.

"யோவ் அலவா! குளத்திலே ஒரு சொட்டு விழலே. நரியோட வளையிலே போய்க் கொட்டியிருக்கு உன் மேகம்! நரி வாலைப் பிழிஞ்சுகிட்டு உன் பத்துக் காலையும் சொல்லிச் சொல்லித் திட்டுது."

"நீ என்ன சொன்னே தாயே?"

"ரெண்டு."

"நான் மேகத்துக்கிட்டே என்ன சொன்னேன்? ரெண்டு. அது எங்கே போச்சு? ரெண்டுக்கு. பிறகென்ன?"

"ரெண்டுன்னா மேலேயிருந்து, வடக்கு விளிம்பிலேருந்து ரெண்டுய்யா!"

"மேலேயிருந்தா? வீட்டைக் கூரையிலேருந்தா கட்டுறாங்க? மரம் உச்சியிலேருந்தா முளைக்குது?"

"ஓலையிலே எழுதுறவன் கடைசி வரியிலேருந்தா தொடங்குறான்? மழை கீழேயிருந்தா பெய்யுது?"

பொறையனுக்கு இரண்டு பேரையும் ஓங்கி மிதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கோபத்துக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது. இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை; யாரும் தப்பாக எண்ணவும் இல்லை. அப்படியிருந்தும் மழை மாறிப் போயிருக்கிறது.

தாழம்புதரில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தி நூலாயி சிரித்தாள். "நான் வரிசையே எண்ணுறதில்லைண்ணே. வலையிலே பூச்சி விழுந்தா, முதல்லே எந்த மூலை, அந்த மூலைக்குள்ளே எந்த மூலை, அதுக்குள்ளே எந்த மூலைன்னுதான் பாப்பேன். போற வழியேதான் பேரு."

"அப்படின்னா குளத்துக்கு என்ன பேரு?"

அவள் மணல் படத்தைப் பார்த்தாள். "வடமேற்கு, தென்கிழக்கு, வடகிழக்கு. மூணு மடிப்புக்கு மூணு சொல். பேரு நீள நீள இடம் சின்னதாகும். கடைசிச் சொல்லை விட்டுட்டா, அதை உள்ளே வெச்சிருக்கிற பெரிய கட்டத்தோட பேரு தானா வந்துடும்."

பொறையன் அந்த அவசரத்திலும் வாய்பிளந்து நின்றான். ஒரு கட்டத்தின் பெயருக்குள்ளேயே அதன் தாய்க் கட்டமும் பாட்டிக் கட்டமும் உட்கார்ந்திருக்கின்றன!

"நரி வளைக்கு?"

"தென்மேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு."

இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினான். கிழக்கு கிழக்காகவே இருந்தது, மேற்கு மேற்காகவே. வடக்கு இருந்த இடத்திலெல்லாம் தெற்கு. தெற்கு இருந்த இடத்தில் வடக்கு. ஒரு மடிப்பிலும் பிசகவில்லை. கரையில் நிற்கும் பனை குளத்து நீரில் தலைகீழாகத் தெரிவதைப்போல, பூமியே நடுவில் புரண்டு கிடந்தது.

"செம்பி, நரி வளை உன் கணக்குலே எத்தனையாவது வரிசை?"

"அஞ்சு."

"அலவா, உனக்கு?"

"ரெண்டு."

"வடக்கு விளிம்பு?"

"எனக்குப் பூஜ்யம்" என்றாள் செம்பி. "எனக்கு ஏழு" என்றான் அலவன்.

பொறையன் ஒவ்வொரு வரிசையாகக் கேட்டான். எங்கே தொட்டாலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் ஏழு.

"எட்டு வரிசைக்கு எட்டுதானே வரணும்?" என்றான் அலவன்.

"அவ தாண்டி வந்த வரிசையையும் நீ தாண்டி வந்த வரிசையையும் சேர்த்தா எல்லா வரிசையும் வந்துடும், நீங்க சந்திக்கிற அந்த ஒரே வரிசையைத் தவிர. நாலு வரிசைன்னா மூணு வரும். பதினாறுன்னா பதினஞ்சு." சொல்லும்போதே அவனுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. பூமி ஒரே கட்டமாக இருந்தபோது இருவருக்குமே அது பூஜ்யம். அதனால்தான் இத்தனை காலம் சண்டை வரவில்லை.

"ஏழிலே ரெண்டு போனா அஞ்சு. அலவா, மேகத்துக்கிட்டே மூணு, அஞ்சுன்னு சொல்லு."

நண்டு பின்வாங்கினான். "அவ ரெண்டுன்னு கண்ணாலே பாத்து வந்ததை நான் அஞ்சுன்னு சொல்லவா? பொறையா, இது தப்பினா இன்னொரு மழை கிடையாது. பதினோரு உசிரு. அந்தப் பழி என் வாயிலே வேண்டாம்."

மேகம் கடல்மேல் காத்து நின்றது. வெயில் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. பொறையன் மணலில் எழுதிய இரண்டு பெயர்களையும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"என் பிள்ளைங்க. பழி எனக்கு. சொல்லு."

அலவன் போய்ச் சொன்னான். மேகம் நகர்ந்தது. செம்பி அதன் பின்னால் பறந்தாள். பொறையன் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. வடக்கே பார்த்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டே நின்றான்.

விடிந்து வெகுநேரம் கழித்து அவன் தலையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். மேலே செம்பி, நனைந்த சிறகோடு.

"உங்க குளத்துத் தண்ணிதான் அண்ணே! அலகிலே கொண்டாந்தேன். பதினொண்ணும் சேத்துக்குள்ளேயிருந்து தலையை நீட்டிடுச்சு. அண்ணி நீந்துறாங்க."

அலவன் பத்துக் காலாலும் மணலில் குதித்தான். ஆட்டம் ஓய்ந்ததும் செம்பியும் அவனும் பொறையனுக்கு எதிரே வந்து நின்றார்கள்.

"இனிமே ஒரே கணக்குதான் இருக்கணும். மேலேயிருந்தா கீழேயிருந்தா, நீங்களே சொல்லிடுங்க" என்றாள் செம்பி. "தோத்தவங்க மாத்திக்கிறோம்" என்றான் அலவன். நூலாயி வலை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொறையன் மூன்று பேரையும் பார்த்தான். வானத்திலிருந்து வரும் கண் முதலில் தொடுவது மேல் விளிம்பைத்தான். கடலிலிருந்து ஏறுகிற கால் முதலில் மிதிப்பது கீழ் விளிம்பை. வலைக்காரிக்கோ விளிம்பே இல்லை, மடிப்புகள்தான். மூன்றிலும் அவனால் ஒரு குறை காண முடியவில்லை.

அன்று முதல்தான், நம் கைபேசியில் விரல் பட்டதும் கட்டம் கட்டமாக விரிகிற வரைபடங்களைச் செய்பவர்களில் ஒரு கூட்டத்தார் வடக்கு விளிம்பிலிருந்து வரிசை எண்ணுகிறார்கள், ஒரு கூட்டத்தார் தெற்கு விளிம்பிலிருந்து எண்ணுகிறார்கள், இன்னொரு கூட்டத்தார் மடிப்பு மடிப்பாகப் பெயர் சொல்கிறார்கள். ஏனென்றால் பொறையன் அன்றைக்கு மூன்று கணக்கையும் இருக்கவிட்டு, ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கொண்டுபோகிறவர்தான் மொத்த வரிசையில் ஒன்றைக் குறைத்து, அதிலிருந்து கேட்ட எண்ணைக் கழித்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தான்.