குளக்கரையில் நின்ற கல்

அந்தக் காலத்தில், மாடும் மனுஷியும் மதினி முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட காலத்தில், கற்கள் நடந்துகொண்டிருந்தன. விடியற்காலையில் எழுந்து பார்த்தால், பனிமூட்டத்துக்குள் அவை மெதுவாகக் கிழக்கே போவது தெரியும். குட்டைக் கல், நெட்டைக் கல், வயிறு பெருத்த கல், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக. சத்தமே இருக்காது. அவை போகிற வழியில் புல் மட்டும் படுத்துப் படுத்து எழுந்திருக்கும்.

எல்லாக் கற்களுக்கும் ஒரே ஆசைதான். கடலைப் பார்க்க வேண்டும். ஒரே பயமும் இருந்தது. வழியில் எங்கேயும் அதிக நேரம் நின்றுவிடக் கூடாது. நின்றால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடவே விடாது. மலை மலை என்று நாம் சொல்கிறோமே, அதெல்லாம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்த பெரிய கற்கள்தான்.

அந்த நாளில் ஒரு குளக்கரையில் செவலை என்று ஒரு பசு இருந்தது. உடம்பெல்லாம் செம்மண் நிறம். அந்த வருஷம்தான் அதற்குத் தலையீத்து, முதல் பிரசவம். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு காளைக்கன்று பிறந்தது. பொட்டு என்றே அதற்குப் பெயர். கன்று பிறந்து ஏழு நாள் செவலைக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள் அரிப்பு வந்தது.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஈரப்புல்லில் படுத்ததாலோ, ஏதாவது பூச்சி ஊர்ந்ததாலோ, யார் கண்டது! வந்தது வந்து, கழுத்துக்கும் திமிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. நாக்கு எட்டாது, வால் எட்டாது, கொம்பும் எட்டாது. அந்த மாதிரி இடமாகப் பார்த்துத்தான் அரிப்பு குடிவரும்.

செவலை பனைமரத்தில் போய்த் தேய்த்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வாழையில் தேய்த்தது. அது, "ஐயோ, என் குலை!" என்று கத்திக்கொண்டே சாய்ந்துவிட்டது. கறையான் புற்றில் தேய்த்தால் புற்று பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசியில் குளத்துக்குத் தெற்கே இருந்த மாராயி வீட்டு மண்சுவரில் போய்ச் சாய்ந்தது.

மாராயியும் பிள்ளை பெற்றவள்தான். ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஏடி செவலை! முதுகு தேய்க்க என் வீட்டுச் சுவருதான் கெடச்சுச்சா? நேத்துதான் பூசுனேன். இவன இடுப்புல வச்சுக்கிட்டு ஒத்தக் கையால பூசுனேன்!"

"கோவிச்சுக்காத மதினி. அரிக்கிறப்போ சுவரும் தெரியல, கதவும் தெரியல."

"தேய்ச்சா நிக்குதா?"

"தேய்க்கிறப்போ தேனா இருக்கு. விட்டா நெருப்பா இருக்கு."

"அப்பத் தேய்க்காத."

"நல்லாச் சொல்லிட்டே. உனக்கு அரிச்சா நீ சும்மா இருப்பியா?"

மாராயி யோசித்தாள். யோசித்துக்கொண்டே தன் தலையைப் பரபரவென்று சொறிந்தாள். "அடிப் பாவி, பேசுனதுக்கே எனக்கும் அரிக்குதே!" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் சிரிக்கிற விஷயமாக அது நெடுநேரம் இருக்கவில்லை. பொட்டு வந்து மடியில் வாய் வைக்கும். வைத்த அந்த நொடியில் செவலைக்குத் திமிலடியில் சுரீரென்று அரிக்கும். உடம்பை உதறும். காம்பு வாயிலிருந்து நழுவி, பால் புழுதியில் சிந்தும். மறுபடி வரும், மறுபடி உதறும். ஒரு தடவை செவலையின் பின்னங்கால் அதன் நினைப்பில்லாமலே வீசி, கன்றின் மூக்கில் பட்டுவிட்டது. அதிலிருந்து பொட்டு கிட்டவே வரவில்லை. வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றது.

மாராயிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கன்றைத் தள்ளிக்கொண்டு வந்து மடியில் விட்டு, இன்னொரு கையால் செவலையின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். செவலை அசையாமல் நின்றது. கன்று இரண்டு மடக்கு குடித்தது. அதற்குள் வீட்டுக்குள்ளே அவள் குழந்தை வீறிட்டது.

"போ மதினி, உன் புள்ள அழுவுது" என்றது செவலை. அவள் ஓடினாள். கை போன இடத்துக்கு அரிப்பு திரும்பி வந்தது. கன்று பயந்து விலகிப் போனது.

அன்று மாராயி ஒரு யோசனை செய்தாள். அவள் குழந்தைக்கு வேர்க்குரு வந்தால், சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க, இரண்டு கையிலும் துணியைச் சுற்றிவிடுவாள். அதே வைத்தியத்தை மாட்டுக்கும் செய்தாள். பொட்டல் வெளியில் முளை அடித்து, செவலையைக் குட்டைக் கயிற்றில் கட்டினாள். "ஒரு நாள் தேய்க்காம இரு மதினி. அரிப்பு சலிச்சுப் போயிக் கெளம்பிரும்" என்றாள். செவலையும் நம்பித் தலையாட்டியது.

அரிப்பு சலிக்கவில்லை. கழுத்திலிருந்து தோளுக்கு வந்தது, தோளிலிருந்து விலாவுக்கு வந்தது. பகல் முழுக்கச் செவலை முளையைச் சுற்றிச் சுற்றி ஆடியது. புழுதி பறந்தது. அந்த ஆட்டத்தைக் கண்டு பொட்டு இன்னும் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் விடிகிறபோது கன்றால் தலையைத் தூக்க முடியவில்லை.

மாராயி கயிற்றை அவிழ்த்தாள். "புள்ளைக்குச் செய்யிறதுன்னு நெனச்சுச் செஞ்சேன் மதினி" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.  செவலை பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

பனிக்குள்ளே கற்கள் போய்க்கொண்டிருந்தன.

செவலை குளக்கரைக்கு ஓடியது. வரிசையில் கடைசியாக ஒரு நெட்டைக் கல், வானத்தை அளந்துகொண்டு வருகிறதுபோல நிமிர்ந்து வந்தது. செவலை அதன் வழியில் போய் நின்றது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

"நிக்கக் கூடாது தாயி. நின்னா மண்ணு புடிச்சுக்கும்."

"மரம் கிழிக்குது, புத்து உதிருது, சுவரு பேருது. கெட்டியா இருக்கிறது நீங்க மட்டும்தான். எனக்கு அரிச்சா அரிச்சிட்டுப் போகுது. என் கன்னு குடிக்கணும் அண்ணே. நான் அசையாம நின்னாத்தான் அது குடிக்கும்."

"கடலுக்கு இன்னும் ரெண்டு மாசத்து நடைதான் இருக்கு" என்றது கல். சொல்லிவிட்டு மூன்று அடி நடந்தது. பிறகு திரும்பிப் பார்த்தது.

மாராயி வந்துகொண்டிருந்தாள். முதுகில் சேலையால் கட்டிய குழந்தை. இரண்டு கையிலும் கன்று. கன்றின் தலை நனைந்த துணிபோலத் தொங்கியது.

கல் அவளிடம் கேட்டது: "எவ்வளவு நேரம் ஆகும்?"

சும்மா ஒரு நிமிஷம்தான் என்று சொல்லியிருக்கலாம். மாராயிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "பசிச்சுக் கெடந்த புள்ள. மடமடன்னு குடிக்காது. அசந்து அசந்துதான் குடிக்கும்" என்றாள்.

கல் கிழக்கே ஒரு தடவை பார்த்தது. மற்றக் கற்களின் முதுகுகள் பனியில் கரைந்துகொண்டிருந்தன.

"சரி, வா தாயி" என்று நின்றது.

செவலை பாய்ந்து கழுத்தை வைத்து அழுத்தித் தேய்த்தது.

"மெள்ள, மெள்ள. அவசரமாத் தேய்ச்சா அரிப்பு முழிச்சுக்கும். புள்ளையத் தூங்கவைக்கிற மாதிரித் தேய்" என்றது கல்.

கல்லின் மேல் பனி நீர் படிந்திருந்தது. கிழிக்கிற சொரசொரப்பும் இல்லை, வழுக்குகிற வழவழப்பும் இல்லை. செவலை மெல்ல மேலே போய், மெல்லக் கீழே வந்தது. விலாவில் இருந்த அரிப்பு தோளுக்கு வந்தது, தோளிலிருந்து கழுத்துக்கு வந்தது. அங்கே ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. செவலையின் கண்கள் செருகின. கால்கள் நாலும் நட்டுவைத்ததுபோல நின்றன.

மாராயி காம்பைப் பீய்ச்சி, கன்றின் உதட்டில் ஒரு சொட்டு விட்டாள். உதடு அசைந்தது. இன்னொரு சொட்டு. நாக்கு வெளியே வந்தது. பிறகு காம்பைப் பற்றிக்கொண்டது.

மண் வந்து கல்லின் பாதத்தைப் பிடித்தது. பிறகு கணுக்காலை. கழுத்துக்குக் கீழே கல் ஒரு விரல் இறங்குவது செவலைக்குத் தெரிந்தது.

"அண்ணே, போதும். பாதி வயிறு நெறஞ்சிருச்சு. நீங்க கெளம்புங்க."

"பாதி வயித்துக்காகவா நான் நின்னேன்? குடிக்கட்டும்."

பனி விலகியது. குளத்துத் தண்ணீர் வெள்ளையாகி, பிறகு பொன்னிறமாகியது. பொட்டு எழுந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, மடியை முட்டி முட்டிக் குடித்தது. வாயில் நுரை தள்ள அது விலகியபோது மண் கல்லின் இடுப்பு வரை வந்திருந்தது.

"புடிச்சிருச்சா?" என்று மாராயி மெதுவாகக் கேட்டாள்.

"புடிச்சிருச்சு" என்றது கல். கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணு கதகதன்னுதான் இருக்கு. நான் பயந்த மாதிரி இல்ல" என்றது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கடல் எப்படி இருக்கும்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றது.

செவலையும் மாராயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததில்லை.

அதன் பிறகு செவலை தினமும் வந்து மெல்ல உரசிக்கொண்டது. மற்ற மாடுகளும் வந்தன. விடியலில் அந்த வழியாகப் போன கற்கள் இதைப் பார்த்து நடையைத் தளர்த்தின. சில கற்கள் வேறு வேறு ஊர்க் குளக்கரைகளில் போய் நின்றுகொண்டன. நிற்காத கற்கள் எல்லாம் கடலைச் சேர்ந்துவிட்டன போல, பிறகு பனிக்குள் ஒரு கல்லும் போகவில்லை.

பொட்டு வளர்ந்து பெரிய காளையானது. உப்பு வண்டியில் பூட்டினார்கள். கிழக்கே போனது, மாதக்கணக்கில் காணவில்லை. ஒருநாள் மத்தியானம் திரும்பி வந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே கல்லிடம் போய், உப்பும் வியர்வையும் காய்ந்து பொரிந்திருந்த கழுத்தை அதில் வைத்து உரசியது.

கல் அந்த உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டது.

"இதுதானா கடல்?" என்றது.

"இதுதான் மாமா."

"உப்பா இருக்கே!"

"அது அப்படித்தான் மாமா. பெரிசா இருக்கு, உப்பா இருக்கு, நிக்காம அசைஞ்சுக்கிட்டே இருக்கு."

பொட்டு நாக்கை நீட்டிக் கல்லை ஒரு தடவை நக்கிப் பார்த்தது. உப்பு நன்றாக ஒட்டியிருந்தது. அதற்குத் திருப்தி. பிறகுதான் தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்கியது.

அன்று முதல்தான் குளம் வெட்டுகிறவர்கள் கரையில் மாட்டுக்கென்று ஒரு கல்லையும் நட்டுவைக்கிறார்கள். மாடும் அதில் கழுத்தை மெல்ல உரசிவிட்டு, நகருவதற்கு முன்னால் ஒரு தடவை நக்கிப் பார்த்துக்கொள்கிறது, கடல் இன்னும் இருக்கிறதா என்று.