இரும்பை விழுங்கிய ஓலை

முன்னொரு காலத்தில், ஓலையில் எழுதாமல் ஒரு துரும்பும் அசையக்கூடாத நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு மன்னர் இளஞ்சிங்க ராயர், ஒருநாள் நந்தவனத்தில் எறும்புச் சாரையைக் கண்டு மயங்கிப் போனார். முந்தாமல் பிந்தாமல் எவ்வளவு ஒழுங்கு! நம் நாடும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினார். எந்த ஊரில் எது எவ்வளவு விளைய வேண்டும், எந்த மலையில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று ஐந்தாண்டுக்கும் சேர்த்து எழுதி வைக்க, அம்பலத்தரையர் என்பவரைத் திட்ட மந்திரி ஆக்கினார்.

அம்பலத்தரையர் எழுதித் தள்ளினார். கருங்குன்றத்து இரும்புச் சுரங்கத்துக்கு மரம் அனுப்ப வேண்டிய காட்டதிகாரிக்கு, "மாதம் ஆயிரம் கட்டை" என்று ஓலை போனது. பருமன் எவ்வளவு என்று ஓலையில் இல்லை. காட்டதிகாரி புத்திசாலி, கரும்புத் தடிமனில் ஆயிரம் குச்சிகளை வெட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. குச்சியை நம்பி எந்தச் சுரங்கக் கூரை நிற்கும்?

பத்து மாதம் போயிற்று. கருங்குன்றம் திட்டத்தை நூற்றுக்கு நூறு முடித்ததாக அம்பலத்தரையர் மாதந்தோறும் சபையில் படித்தார். ஆனால் உலைக்களத்திலிருந்து ஒரு கொழுமுனைகூட வெளியே வரவில்லை. தேய்ந்த கலப்பையோடு உழவர்கள் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இரும்பு எங்கே?" என்று சீறினார் மன்னர்.

"உலைக்காரர்கள் சோம்பேறிகள், பிரபு. அதோடு கருங்குன்றத்தார் ஆழக்குழியில் இறங்க மறுக்கிறார்கள். இதோ, அவர்களுடைய மேஸ்திரியே வந்திருக்கிறான், கேளுங்கள்" என்றார் அம்பலத்தரையர்.

சபை நடுவே, உடம்பெல்லாம் செம்மண் தூசியோடு மேஸ்திரி மலைக்கொழுந்து கைகட்டி நின்றான்.

"சாமி, ஆழக்குழியில கூரை விரிசல் விட்டிருக்குங்க. போன வாரம் ரெண்டு பேர் மயிரிழையில தப்பிச்சாங்க. எங்களுக்கு நல்லதா முட்டுக்கட்டை வேணுங்க."

"கேட்டீர்களா மன்னா!" என்று துள்ளினார் அம்பலத்தரையர். "தங்கள் திட்டத்துக்கே முட்டுக்கட்டை போடப் பார்க்கிறான்! தங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறான்!"

"ஆமாங்க, போடத்தான் கேக்கிறோம்" என்றான் மேஸ்திரி, பாவம், ஒன்றும் புரியாமல்.

சபை சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன்தான். அவன் விகடன் கூத்தப்பன். மற்ற நாளில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன், அன்று முன்னால் வந்து வணங்கினான்.

"பிரபு, கூரையைத் தாங்கும் கட்டையைத்தான் அவர் கேட்கிறார். திட்டத்தைத் தடுக்கும் கட்டை மந்திரியாரிடமே வேண்டிய மட்டும் இருக்கிறது."

அம்பலத்தரையரின் முகம் கறுத்தது. கூத்தப்பன் மேல் மன்னருக்கு இருந்த பிரியம் அவருக்கு நெடுநாளாகவே கண்ணில் விழுந்த தூசி.

"பேச்சு சுலபம், விகடரே! மன்னா, அடுத்த பத்து நாளுக்கான திட்டத்தை இவரிடமே ஒப்படையுங்கள். முடிக்காவிட்டால் இவரும் கருங்குன்றத்து நாற்பது பேரும் ஆழக்குழியில் இறங்கட்டும். கணக்கு நிறையும் வரை மேலே ஏறக்கூடாது!"

மன்னர் கோபத்தில் இருந்தார். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

விகடன் நாளைக்குச் சாக்குச் சொல்லிவிடக் கூடாதே என்று அம்பலத்தரையர் ஓலையை அங்கேயே எழுதி முத்திரையும் வாங்கினார். "கருங்குன்றத்து இருநூறு வண்டி கல் பத்தாம் நாள் அரண்மனை வாசலில் சேர வேண்டும். கூத்தப்பன் எவ்விடத்திலும் கல் எடுக்கலாம். தடுப்பவர் ராஜத் துரோகி."

கூத்தப்பன் ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறை கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வெளியே வந்ததும் மலைக்கொழுந்து புலம்பினான். "ஏன் சாமி எங்களுக்காக வந்து மாட்டிக்கிட்டீங்க? மேல்குழியில வெறும் கல்லுதாங்க. இரும்புக்கல்லு ஆழத்துலதான் இருக்கு."

"பத்து மாதமாக எதை அனுப்பினீர்கள்?"

"ஓலையில கல்லுன்னுதானே இருந்துச்சு? வெறும் கல்லைத்தான் அனுப்பினோம். நல்லாச் சதுரமா, வரிசை எண்ணைச் சுண்ணாம்புல போட்டு அனுப்பினோம். ஆனா உலைக்காரரு வேணாம்னுட்டாரு."

"பிறகு அந்தக் கல்லெல்லாம் எங்கே போயிற்று?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "திட்ட மந்திரி ஐயா வூட்டுப் பக்கம் வண்டி திரும்புச்சுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அன்றைக்கு அப்போதுதான் கூத்தப்பன் முதன்முறையாகச் சிரித்தான். "மேஸ்திரியாரே, ஆட்களை ஒரு வாரம் தூங்கச் சொல்லும்."

ஏழு நாள் கருங்குன்றத்தில் சம்மட்டிச் சத்தமே இல்லை. ஒற்றர் இதைச் சொன்னபோது, மன்னரோடு வேட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்பலத்தரையருக்குத் தாங்க முடியாத ஆனந்தம். வேட்டைக் கூடாரத்தில் மூன்று நாளும் இரட்டைப் பங்கு பாயசம் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் காலை அவர் தம் புது மாளிகைக்குத் திரும்பினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பழக்க தோஷத்தில் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, உள்ளே காலெடுத்து வைத்தார். அப்புறம்தான் கவனித்தார். கதவு இருந்தது, நிலை இருந்தது, தூண்மேல் கூரை இருந்தது, சுவர் இல்லை. எதிர்த்த தெரு வரை தெளிவாகத் தெரிந்தது. அவருடைய மனைவி வேப்பமரத்தடியில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தடுக்கவில்லையா நீ?"

"தடுத்தால் ராஜத் துரோகியாம். ஓலையைக் காட்டினார்கள். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

அம்பலத்தரையர் தலைப்பாகை அவிழ அரண்மனைக்கு ஓடினார். வாசலில் இருநூறு வண்டி கல் மலைபோல் குவிந்திருந்தது. மன்னர் வியந்து நின்றார்.

"எப்படி முடித்தாய், கூத்தப்பா?"

"எல்லாம் கருங்குன்றத்துக் கல்தான், பிரபு. சுண்ணாம்பு எண்ணைப் பாருங்கள். வரும் வழியில் மந்திரியார் வீட்டில் சிறிது காலம் இளைப்பாறின, அவ்வளவுதான்."

மன்னர் அம்பலத்தரையரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் உலை எரிந்தது. ஆனாலும் உலைக்காரரை அழைத்து, ஒரு கல்லைக் காய்ச்சச் சொன்னார். கல் சிவந்தது, வெடித்தது, சுண்ணமாக உதிர்ந்தது. குன்றிமணி அளவு இரும்பும் ஒழுகவில்லை.

"இதில் இரும்பு எங்கே?"

"ஓலையிலேயே இரும்பு இல்லையே, பிரபு" என்று கூத்தப்பன் ஓலையைப் பணிவாக நீட்டினான்.

மன்னர் உரக்கப் படித்தார். "இருநூறு வண்டி... கல்." நிமிர்ந்தார். "இரும்பு என்ற சொல்லை ஏன் எழுதவில்லை, அம்பலத்தரையரே?"

"ஓலையில்... இடம் போதவில்லை, மன்னா."

மன்னர் ஓலையின் மேல்பாதியைப் பார்த்தார். "மகா ராஜ்ய திட்ட சிகாமணி, அளவை மார்த்தாண்டன், கணித கேசரி அம்பலத்தரையர் எழுதியது" என்று அங்கே பாதி ஓலை நிரம்பியிருந்தது.

முதலில் மன்னரின் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் யானைக் கொட்டாரத்தில் யானைகள் திரும்பிப் பார்த்தன.

"உம்முடைய பட்டங்கள் என் நாட்டின் இரும்பையே விழுங்கிவிட்டனவே! கூத்தப்பா, என்ன வேண்டும், கேள்!"

"சுரங்கத்துக்கு ஓலை எழுதுபவர், எழுதுமுன் ஒருமுறை ஆழக்குழியில் இறங்கிவிட்டு வரட்டும், பிரபு. அது போதும்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார். கல்லை அரண்மனைச் சாலைக்கும், சுவரில்லாமல் நின்ற மாளிகையின் தேக்கு உத்தரங்களைக் கருங்குன்றத்துக்கும் கொடுத்தார். அவற்றைச் சுமந்து இறக்குகிற பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுவாரம் ஆழக்குழியில், தம் வீட்டு உத்தரத்தைக் கூரைக்கு முட்டுக் கொடுத்து, வியர்க்க விறுவிறுக்க நின்றார் அம்பலத்தரையர். மேலே பார்த்து, விரிசலை இப்போதுதான் கண்டார்.

"சாமி," என்று பக்கத்திலிருந்து கேட்டான் மலைக்கொழுந்து, "முட்டுக்கட்டை கெட்டியா இருக்குதுங்களா?"

"இன்னும் நான்கு போடுங்களப்பா!" என்று அலறினார் திட்ட மந்திரி.