மண் வீட்டுக்குத் தோண்டிய குழி

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்த வீட்டில் மரவேலை செய்த என் மாமா சொன்னது.

மில் முதலாளி சிவானந்தம் கோவைக்கு வெளியே மண் வீடு கட்டினார். சிமெண்ட் கிடையாது, ஏசி வேண்டாம். செங்கல் வீட்டைவிடச் செலவு மட்டும் அதிகம். மண்ணை லாரியில் அள்ளியது, அந்தக் கட்டட வேலையில் மண் குழைத்த மாராத்தாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்து. குழி வளர்ந்து அவள் பின்சுவர் வரை வந்துவிட்டது.

"மழைக்கு முன்னால குழிய மூடிக் குடுங்க, மொதலாளி" என்று கெஞ்சினாள்.

"பசுமை வீட்டு விருதுக் குழு வருது. மண்ணு மனையிலயே எடுத்திருந்தாத்தான் விருது. மண்ணு இந்த மனையில எடுத்ததுன்னு சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

குழு வந்தது. குழுவில் இருந்த ஓர் அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்து, "எங்கே எடுத்த மண்?" என்று கேட்டார். சிவானந்தம் மாராத்தாவைப் பார்த்தார்.

"இந்த மனையில எடுத்ததுதானுங்க அம்மா."

"அப்படியா? தோண்டின குழி எங்கே?"

"குழிக்கு இங்க எடம் பத்தலீங்க. அதை எங்க வீட்டுப் பின்னால வெச்சிருக்கோம். வந்தா காட்டறனுங்க."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். சிவானந்தத்துக்கு விருது கிடைக்கவில்லை. மறுநாள் மாராத்தாவுக்கு வேலையும் இல்லை.

கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகு மனசு கேட்காமல், போன ஐப்பசியில் அங்கே போய்ப் பார்த்தேன். குழியை யாரும் மூடவில்லை. தண்ணீர் நிற்கிறது. மாராத்தாவின் பின்சுவர் இடிந்து அதற்குள் கிடக்கிறது.